பிண்ணாக்கு போன வழி

கொட்டகையில் நின்றபடி மூச்சை இழுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கன்று தலைசாய்த்துப் படுக்கும் உயரத்துக்குக் குனிந்து, முழங்காலைத் தரையில் ஊன்றி இழுக்க வேண்டும். அப்படி இழுத்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தொண்டைக்குள் ஊசி இறங்கியது போல இருந்தது. தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர்தான் என்னைக் குனியச் சொன்னவர். "விடியற்காலையில் கன்றுகள் இருமுகின்றன என்றீர்களே அம்மா, இரவெல்லாம் அவை மூச்சுவிடும் காற்று இதுதான்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "பிண்ணாக்கு எவ்வளவு வைக்கிறீர்கள்?"

கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னேன். கன்று ஒன்றுக்குக் கடலைப்பிண்ணாக்கு மட்டும் நாளுக்கு ஒரு கிலோ. வளரும் பிள்ளைக்குச் சத்தில் குறை வைக்கக்கூடாது என்பது என் எண்ணம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் வடிகால் ஓடும் இடத்தைக் காட்டினார். அங்கே மட்டும் புல் கருகருவென்று, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. "உங்கள் பிண்ணாக்கில் பாதியைத் தின்றது அதுதான்" என்றார்.

என் கணக்கு எங்கே பிசகியது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்போது என்னிடம் ஏழு கிடேரிகள் இருந்தன. எட்டு முதல் பத்து மாத வயது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. அவற்றை வாங்கிய புதிதில் நான் செய்த தவறு இதற்கு நேர் எதிரானது. வைக்கோலும் காய்ந்த தட்டையும் தாராளமாகக் கிடைத்ததால் அதையே வயிறு நிறையப் போட்டேன். வயிறு என்னவோ நிறைந்துதான் இருந்தது. பக்கவாட்டில் பானை போலத் தொங்கியது. ஆனால் முதுகெலும்பைக் கையால் தடவினால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. மயிர் பளபளப்பின்றிச் சிலிர்த்து நின்றது. சாணம் அடுக்கடுக்காக, கெட்டியாக விழுந்து, மறுநாள் ஓரத்தில் வெடித்திருக்கும். அதைவிட வியப்பு, தொட்டியில் வைக்கோல் மீந்தது. பசி இருந்தும் தின்னவில்லை.

வைக்கோலில் கச்சாப் புரதம் (நைட்ரஜனை அளந்து கணக்கிடும் புரத அளவு) 3 அல்லது 4 சதவீதம்தான். தீவனம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது அது ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டுக்கு முன்பாக அதன் பெருவயிற்றில் (நான்கு அறை வயிற்றின் மிகப் பெரிய அறை) இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. நாரைச் சிதைப்பது மாடு அல்ல, அவைதான். அவற்றுக்கு நைட்ரஜன் இல்லையென்றால் பெருகாது. பெருகாவிட்டால் நார் சிதையாது. சிதையாத நார் வயிற்றிலேயே தங்கும். தங்கியிருக்கும்வரை மாடு மேலே தின்னாது. என் கிடேரிகளின் பானை வயிறு வளர்ச்சியே இல்லை, வெளியேற வழியில்லாமல் அடைந்து கிடந்த வைக்கோல்.

இதை நம்புவதற்கு எனக்கு உதவியது ஒரு பழைய மாவுச் சல்லடை. அம்மா தூக்கிப்போட வைத்திருந்ததை எடுத்து, ஒரு கை சாணத்தை அதில் போட்டு, குழாய் நீரில் அலசினேன். பச்சைத் தண்ணீர் ஓடி முடிந்ததும் சல்லடையில் மிஞ்சியதைப் பார்த்தால் கிட்டத்தட்டத் தொட்டியில் போட்ட வைக்கோலேதான்; விரல் கணு நீளத்துக்கு, முனைகூட மழுங்காமல். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் திரும்பப் போட்டால் இன்னொரு வேளைக்கு ஆகும் போலிருக்கிறதே" என்றார். அவர் மாட்டைக் கண்ணாலேயே எடை போடுகிற மனிதர். என் சல்லடை, நாடா, நோட்டுப் புத்தகம் எல்லாம் அவருக்கு வேடிக்கை.

பசும்புல்லும் கொஞ்சம் பிண்ணாக்கும் சேர்த்ததும் இரண்டே வாரத்தில் எல்லாம் மாறியது. தொட்டி காலியானது, சாணம் இளகியது, சல்லடையில் மிஞ்சிய நார் குட்டையாகவும் கூழாகவும் ஆனது. மார்புச் சுற்றளவு நாடாவில் ஏறத் தொடங்கியது. இங்கேதான் பேராசை பிடித்தது. கால் கிலோவுக்கு இவ்வளவு பலன் என்றால் ஒரு கிலோவுக்கு நான்கு மடங்கு என்று மனக்கணக்குப் போட்டேன்.

நாடாக் கணக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 50, நீளம் 42 என்றால் சுமார் 159 கிலோ. இது துல்லியமான எடை அல்ல. ஆனால் ஒரே ஆள், ஒரே நேரத்தில், காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன் அளந்தால் ஏற்றமா இறக்கமா என்பதை ஏமாற்றாமல் சொல்லும். நான் சில நாள் காலையிலும் சில நாள் மாலையிலும் அளந்து, ஒரே வாரத்தில் ஒரு கிடேரி எட்டு கிலோ ஏறியதாக மகிழ்ந்ததும் உண்டு. ஏறியது தண்ணீர்.

ஒழுங்காக அளந்தபோது தெரிந்தது இதுதான்: கால் கிலோவிலிருந்து அரை கிலோவுக்குப் போனபோது வளர்ச்சி கூடியது. அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குப் போனபோது நாடாவில் மாற்றமே இல்லை. சாணம் தளதளவென்று சிதறியது, வால் எப்போதும் நனைந்திருந்தது, தரை காயவே இல்லை. கிடேரிகள் அதிகம் தண்ணீர் குடித்தன, அதிகம் மூத்திரம் பெய்தன. மூத்திரம் கூடுவது தேக ஆரோக்கியம் என்று நினைத்தேன்.

மருத்துவர் போன பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டேன். 150 கிலோக் கிடேரி நாளொன்றுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் ஏறக்குறைய 4 கிலோ தின்னும். ஒரு கிலோ கடலைப்பிண்ணாக்கு, மீதி புல்லும் வைக்கோலும் என்றால் மொத்தம் சுமார் 700 கிராம் கச்சாப் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 6.25-ஆல் வகுத்தால் 112 கிராம் நைட்ரஜன். இதில் கிடேரியின் உடம்பில் தங்குவது எவ்வளவு? உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோ எடையிலும் நைட்ரஜன் 25 முதல் 30 கிராம்தான் இருக்கும். என் கிடேரி நாளுக்கு ஏறியதோ அரை கிலோவுக்கும் குறைவு. ஆக, 112 கிராமில் தங்கியது 12 கிராம் அளவுக்கு. 100 கிராம் வெளியே.

முதலில் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் வளரும் மாடு தின்னும் நைட்ரஜனில் கால்பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டாலே நல்ல வேலை. மீதி சாணத்திலும் மூத்திரத்திலும் போகும். சாணத்தில் போகும் பங்கு பெரும்பாலும் எவ்வளவு தின்றது என்பதைப் பொறுத்தது. புரதத்தைக் கூட்டினாலும் அதில் அவ்வளவாக மாற்றம் வராது. கூடுதலாகப் போடுவது ஏறக்குறைய முழுவதும் மூத்திரத்தின் கணக்கில்தான் ஏறும், யூரியாவாக.

நாம் வைக்கும் பிண்ணாக்கு நேராகக் கன்றின் தசைக்குப் போவதில்லை. பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து, உடைத்து, அமோனியா ஆக்குகின்றன. கடலைப்பிண்ணாக்கு மிக வேகமாக உடையும் வகை. வைத்த ஓரிரண்டு மணி நேரத்தில் பெருவயிற்றில் அமோனியா உச்சத்துக்குப் போய்விடும். அந்த அமோனியாவைக் கொண்டு நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளும். பின்னர் அவை கீழே நான்காம் வயிற்றுக்கும் குடலுக்கும் இறங்கிச் செரிக்கப்படும். கன்றுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிர்களின் உடம்புதான். ஆனால் அவை பெருகுவதற்கு அமோனியா மட்டும் போதாது, எரிபொருளும் வேண்டும்: மாவுச்சத்து, சர்க்கரை, செரிக்கக்கூடிய நார். என் கொட்டகையில் செங்கல் குவிந்து கிடந்தது, கொத்தனாருக்குக் கூலி இல்லை. வேலையில்லாமல் நின்ற அமோனியா பெருவயிற்றுச் சுவர் வழியாக இரத்தத்தில் ஏறி, ஈரலுக்குப் போய், யூரியாவாகி, சிறுநீரகம் வழியாக வெளியேறியது. அப்படி மாற்றுவதற்கும் உடம்பு சக்தி செலவழிக்க வேண்டும். கூடுதலாக வைத்த பிண்ணாக்கைக் கழித்துக்கட்டவும் கன்றே கூலி கொடுத்தது.

ஈரலில் உண்டாகும் யூரியா எல்லாம் மூத்திரத்துக்குப் போவதும் இல்லை. எச்சில் வழியாகவும் பெருவயிற்றின் சுவர் வழியாகவும் ஒரு பகுதி மீண்டும் பெருவயிற்றுக்கே திரும்புகிறது. தீவனத்தில் புரதம் குறைவாக இருக்கும்போது அப்படித் திரும்பும் பங்கு கூடுகிறது. சிறுநீரகமும் யூரியாவை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மாடு பஞ்சத்தில் சிக்கனமாகவும் தாராளத்தில் ஊதாரியாகவும் இருக்கும். நான் அதை ஊதாரியாக்கினேன்.

மூத்திரத்தில் இருக்கும் யூரியாவுக்கு வாசனை கிடையாது. சாணத்தில் இருக்கும் கிருமிகளின் நொதி அதன்மேல் பட்டதும்தான் அது அமோனியாவாகிக் காற்றில் ஏறுகிறது. சாணமும் மூத்திரமும் குழம்பிக் கிடக்கும் ஈரத்தரை அதற்கு ஏற்ற அடுப்பு. அந்தக் காற்றைத்தான் கன்றுகள் சுவாசித்து இருமின.

இவ்வளவும் தெரிந்த பிறகு தீவனத்தை மாற்றினேன். பிண்ணாக்கை 600 கிராமாகக் குறைத்தேன். அதிலும் பாதிதான் கடலைப்பிண்ணாக்கு. மறுபாதி தேங்காய்ப் பிண்ணாக்கு. அது பெருவயிற்றில் மெதுவாக உடையும். ஒரு பகுதி உடையாமலேயே குடலுக்கு இறங்கி நேராகக் கன்றுக்குப் பயன்படும். குறைத்ததன் இடத்தில் 700 கிராம் உடைத்த மக்காச்சோளம். மொத்தத்தில் புரதம் 500 கிராம், தீவனத்தில் 12.5 சதவீதத்தை ஒட்டி. நைட்ரஜன் 80 கிராம். முன்பைவிட 32 கிராம் குறைவு. யூரியாக் கணக்கில் அது 70 கிராம். கன்றுக்கு ஒரு கைப்பிடி. ஏழு கன்றுக்கு நாள்தோறும் அரை கிலோ யூரியாவை நான் வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பிண்ணாக்கு விலை கொடுத்து.

சோளத்தை ஒரேயடியாக ஏற்றவில்லை, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டினேன். ஒரே நாளில் மாவுச்சத்தைக் கொட்டினால் வயிறு புளித்து வேறு வினை வரும். அளவை மாற்றியதற்கு நிகராகப் பலன் தந்தது, வைக்கும் முறையை மாற்றியது. முன்பு காலையில் பிண்ணாக்கை ஊறவைத்துத் தனியாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு மாலைவரை வைக்கோல் போடுவேன். அமோனியா காலையில் வெள்ளமாக வந்து போய்விடும்; மாலையில் நார் செரிக்க அது இருக்காது. இப்போது நறுக்கிய தீவனத்தோடு பிண்ணாக்கையும் சோளத்தையும் பிசறி மூன்று வேளையாகப் பிரித்து வைக்கிறேன். வேலை கூடுதல்தான். சோம்பல்பட்டு இரண்டு வேளையாக்கிய வாரம் சாணம் மீண்டும் தளர்ந்ததைச் சல்லடை காட்டிக்கொடுத்தது.

இரண்டு வாரத்தில் தரை காய்ந்தது. இருமல் நின்றது, வடிகாலைச் சாய்வாக்கி, தினம் இரண்டு முறை கழுவியதற்கும் அதில் பங்குண்டு, எல்லாப் புகழையும் தீவனத்துக்கே கொடுக்க மாட்டேன். நாடா முதல் மாதம் பழையபடியே ஏறியது, பிறகு கொஞ்சம் வேகமாக. செலவு குறைந்து வளர்ச்சி குறையாமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

நுண்ணுயிர் தானே புரதம் செய்யும் என்பதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. "அப்படியென்றால் யூரியாவையே வைத்துவிடலாமே, பிண்ணாக்கு எதற்கு?" கேள்வியில் தவறில்லை. பின்லாந்து நாட்டு வேதியியலாளர் ஆர்த்தூரி விர்த்தனென் (1945-இல் நோபல் பரிசு பெற்றவர்) பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்து, நைட்ரஜனுக்கு யூரியாவையும் அம்மோனியம் உப்பையும் மட்டும் வைத்துப் பால் கறந்து காட்டியிருக்கிறார். அதை 1966-இல் வெளியிட்டார். ஆனால் அது மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஊட்டிய ஆய்வு. நம் கொட்டகையில் வாளியும் மறதியும் இருக்கின்றன.

நாங்கள் செய்தது வைக்கோலை யூரியாவில் பதப்படுத்துவது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைப்பது. திறந்ததும் போடாமல், காற்றாட விரித்து, நெடி போன பிறகே போட வேண்டும். முறையாகச் செய்தால் வைக்கோலின் புரத அளவு ஏறக்குறைய இரு மடங்காகும், நாரும் இளகும். எல்லாம் சரியாகவே செய்தோம். கரைசல் மீந்த வாளியைக் கொட்டகை ஓரத்தில் வைத்துவிட்டு வந்ததைத் தவிர.

அவிழ்ந்து வந்த ஒரு கிடேரி அதில் வாய் வைத்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் காதும் முகத்துத் தசையும் துடித்தன. நடை தள்ளாடியது, வாயில் நுரை, இடப்பக்கம் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. மருத்துவர் வருவதற்குள் தொலைபேசியிலேயே சொன்னார்: காடியும் (வினிகர்) நிறையக் குளிர்ந்த தண்ணீரும் மெதுவாக, புரையேறாமல் ஊற்றுங்கள். காடியின் புளிப்பு அமோனியாவை இரத்தத்தில் ஏறவிடாமல் பிடிக்கும். குளிர்ச்சி யூரியா உடைவதைத் தாமதப்படுத்தும். அப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் ஊற்றினேன். கை நடுங்கியதில் பாதி என் மேல்தான். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து யூரியா மூட்டை பூட்டிய அறையில், கரைக்கும் வாளிக்குச் சிவப்புச் சாயம். மாவுச்சத்து இல்லாமல் யூரியா மட்டும் என்ற பேச்சே எடுப்பதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு யூரியாவின் வாடையே ஆகாது.

ஆறு மாதத்துக்குக் கீழே என்றதும் இன்னொன்று. "புரதத்தைக் குறை" என்பதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, அப்போது பிறந்திருந்த இரண்டு கன்றுகளிலும் கைவைத்துவிட்டேன். பாலோடு வைக்கோல் கொடுத்தால் வயிறு சீக்கிரம் விரியும் என்று அப்பாவும் சொன்னார். வயிறு விரிந்தது, கன்று மெலிந்தது. பிறந்த கன்றுக்குப் பெருவயிறு பெயரளவுக்குத்தான். பால் ஒரு தனிக் கால்வாய் வழியாக நேரே நான்காம் வயிற்றுக்குப் போகிறது. அதற்காகப் புரதம் சமைத்துத் தரும் நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் குடியேறி முடியவில்லை. ஆகவே அதன் வாய்க்குப் போகும் புரதமே தரமானதாக இருக்க வேண்டும்: பால், பிறகு 18 முதல் 20 சதவீதப் புரதமுள்ள கன்றுத் தீவனம். பெருவயிற்றின் உட்சுவரை வளர்ப்பதும் வைக்கோல் இல்லை, தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான். வயது ஏற ஏற, நுண்ணுயிர் வேலையை ஏற்க ஏற்க, தேவைப்படும் சதவீதம் இறங்குகிறது. பெரிய கிடேரிக்கு வீணான அளவு, இரண்டு மாதக் கன்றுக்கு அடிப்படைத் தேவை. ஒரே கலவையை எல்லாத் தொட்டியிலும் கொட்டுகிற வசதியை அன்றோடு விட்டேன்.

பிண்ணாக்கு வாங்கும்போது இப்போது ஒரு துண்டை உடைத்துப் பார்க்கிறேன். கருகிய நிறம், வறுத்த வாசனை என்றால் சூடு மிகுந்து புரதம் கட்டிப்போயிருக்கும். கணக்கில் இருக்கும், குடலில் செரிக்காது. பூசணம் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம், கடலைப்பிண்ணாக்கில் பூசண நஞ்சு கன்றின் ஈரலைக் கெடுக்கும்.

வடிகால் ஓரத்துப் புல்லை அறுத்துக் கிடேரிகளுக்கே போட்டுவிட்டால் போன நைட்ரஜன் திரும்பி வந்துவிடுமே என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. அரிவாளோடு போன என்னை மருத்துவர்தான் தடுத்தார். அளவுக்கு மீறித் தழைச்சத்து ஏறிய புல்லில் நைட்ரேட் தேங்கியிருக்கும், அதுவும் மழையில்லாமல் வாடியிருந்தால் ஆபத்து என்றார். இப்போது வடிகால் நீரைத் தொழுவுரக் குழிக்குத் திருப்பி, மேலே மீந்த வைக்கோலைப் பரப்பி மூடுகிறேன். அந்த ஓரத்தில் புல் இப்போது மற்ற இடத்துப் புல்லைப் போலவே இருக்கிறது. அப்பா தினமும் அதைத்தான் முதலில் பார்க்கிறார், சற்றுக் கறுத்தால், "இன்று யார் பிண்ணாக்கு அளந்தது?" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்.